யார் வீட்டு போன் இது?

பொள்ளாச்சியிலிருந்து மீன்கரை ரோட்டில் வரும் பஸ் கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் முதலமடை பஞ்சாயத்து. மாநிலம் மாறிவிடும், பேச்சு மாறாது. நாட்டிலேயே முந்திக்கொண்டு சந்தைக்கு வரும் மாம்பழம் முதலமடை மாம்பழம் என்பார்கள். தோப்பு வேலைக்கும் வியாபாரத்துக்கும் இரண்டு பக்கமும் ஆள் போய் வந்துகொண்டே இருக்கும். சில வருஷங்களுக்கு முன்புவரை, இப்படிப் போய் வந்தவர்களின் போனுக்கும் அங்கே ஒரு சோதனைச்சாவடி இருந்தது. தமிழ்நாட்டு சிம் கேரளத்து டவரில் ஒட்டிய கொஞ்ச நேரத்தில் குறுஞ்செய்தி வந்து விழும்: நீங்கள் ரோமிங்கில் இருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிற அழைப்புக்கும் காசு. 2015 ஜூனில் பிஎஸ்என்எல் ரோமிங்கில் வரும் அழைப்புக்கான கட்டணத்தை எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. மற்ற கம்பெனிகளும் வழிக்கு வந்தன. இன்று எல்லையோரத்தில் யாரும் எந்த டவர் என்று பார்ப்பதில்லை.

காசு போனாலும் கேள்வி போகவில்லை. புதிய டவரில் ஒட்டும் ஒவ்வொரு போனும் முதலில் தன் வீடு எது என்று சொல்ல வேண்டும். டவர் அந்த வீட்டைக் கேட்கும். ‘எங்கள் ஆள்தான், விடுங்கள்’ என்று பதில் வந்த பிறகே வேலை நடக்கும்.

முதலமடைப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்து சித்தூர் அரசுக் கல்லூரிக்குப் போனால் அது கோழிக்கோடு பல்கலைக்கழகம். பொள்ளாச்சி நல்லமுத்து கவுண்டர் மகாலிங்கம் கல்லூரிக்குப் போனால் பாரதியார் பல்கலைக்கழகம். எங்கே போனாலும் கையில் போன் உண்டு. கேம்பஸில் வைஃபை இருந்தால் அதே கேள்விதான் முதலில் வந்து நிற்கும். பெயர், பாஸ்வேர்டு, படிவம், கையெழுத்து. இந்த விசாரணைக்கு ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அது தொடங்கிய இடத்தில் விசாரணையே கிடையாது என்பதுதான் வேடிக்கை.

ஹவாய்த் தீவுகளில் கடலலையில் பலகை ஏறி விளையாடும் ஆசை ஒரு காரணமாக, 1960களில் நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியர் ஹவாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஓவாஹு தீவில். அதன் கிளைக் கல்லூரிகளோ வேறு தீவுகளில். இடையில் பசிபிக் கடல். தொலைபேசி இணைப்பு விலையும் அதிகம், நம்பகமும் குறைவு. ஆகவே ஆப்ராம்சனின் குழு ரேடியோவைப் பிடித்தது. 1971 ஜூனில் ‘அலோஹாநெட்’ ஓடத் தொடங்கியது. வேகம் நொடிக்கு 9,600 பிட். இன்றைய போனில் எடுத்த ஒரு புகைப்படத்தை அதில் அனுப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

அதில் புதுமை வேகத்தில் இல்லை, பழக்கவழக்கத்தில் இருந்தது. ஒரே அலைவரிசையில் பல முனையங்கள் பேச வேண்டும். யார் எப்போது பேசுவது என்று முறை வகுத்துக் கொடுக்க நடுவில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆப்ராம்சன் அதைத் தூக்கிப் போட்டார். சொல்ல ஏதாவது இருந்தால் உடனே அனுப்பிவிடு. கிடைத்தது என்று பதில் வராவிட்டால், இன்னொருவருடைய செய்தியோடு மோதிவிட்டது என்று பொருள். ஏதோ ஒரு நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு. எவ்வளவு பொறுப்பது என்பது குலுக்கல். இரண்டு பேரும் ஒரே அளவு பொறுத்தால் மறுபடியும் மோதத்தானே செய்வார்கள்? இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும் என்று கணக்கு சொல்லிற்று. அது போதுமானதாக இருந்தது. ராபர்ட் மெட்காஃப் இதைப் படித்து, திருத்தி, 1973இல் கம்பிவழி ஈதர்நெட்டுக்குக் கொண்டுபோனார். இன்றைய வைஃபையும் இந்தக் குலுக்கலின் வாரிசுதான்; பேசுவதற்கு முன் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளும் மரியாதையை மட்டும் பின்னால் கற்றுக்கொண்டது.

இந்தியாவில் அந்த நாளில் காற்றைத் தொடவே லைசென்ஸ் வேண்டும். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி ரேடியோ கருவி ஒன்றைக் கையில் வைத்திருப்பதற்கே அனுமதி தேவை. வீட்டில் பாட்டுக் கேட்கும் ரேடியோவும் இதில் அடக்கம். தபால் ஆபீசுக்குப் போய் ஆண்டுக் கட்டணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் பதிவு வாங்கி வரும் வழக்கம் 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. சொந்தக் கருவியைப் பதிவு செய்துவிட்டுத்தான் காற்றில் வருவதைக் கேட்கலாம் என்ற நினைப்பு நம் ஊரில் வைஃபையோடு வந்ததல்ல.

அமெரிக்காவில் 1985இல் அரசு மூன்று அலைவரிசைத் துண்டுகளை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அதில் ஒன்று மைக்ரோவேவ் அடுப்புகள் வேலை செய்கிற 2.4 கிகாஹெர்ட்ஸ். யாருக்கும் வேண்டாத குப்பை அலைவரிசை என்று அப்போது கருதப்பட்டது. அதைக் கவனித்த கம்பெனிகளில் ஒன்று என்சிஆர். அதன் தொழில் கடைகளுக்கான கல்லாப்பெட்டி இயந்திரம். கடைக்காரர் அலமாரிகளை இடம் மாற்றும்போதெல்லாம் கல்லாவுக்குக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. கம்பி இல்லாமல் செய்தால் என்ன? நெதர்லாந்தில் இருந்த அதன் பொறியாளர்கள் ‘வேவ்லேன்’ என்ற அட்டையைச் செய்தார்கள். அவர்களில் ஒருவரான விக் ஹேய்ஸ், எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான விதி எழுதும் 802.11 குழுவுக்குத் தலைவராகப் பல வருஷம் இருந்தார். 1997இல் முதல் விதி வந்தது. 1999இல் நொடிக்கு 11 மெகாபிட் வேகம் தரும் 802.11பி. அதே ஆண்டு ஜூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபுக் மடிக்கணினியை ஒரு வளையத்துக்குள் விட்டு எடுத்து, கம்பி எதுவும் இல்லை பாருங்கள் என்று காட்டினார். கூட்டம் கை தட்டியது. மந்திரவாதிகள் பழக்கிவைத்த ரசனை.

கல்லாப்பெட்டிக்குச் செய்ததை ஒரு கேம்பஸ் முழுவதும் விரித்துக் காட்டியது பிட்ஸ்பர்க் நகரத்து கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம். அலெக்ஸ் ஹில்ஸ் என்பவர் தலைமையில் 1993இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு ‘வயர்லெஸ் ஆண்ட்ரூ’ என்று பெயர். முதலில் ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும். பத்தாண்டு முடிவதற்குள் வளாகம் முழுவதற்கும். எந்தச் சுவர் அலையை விழுங்கும், எந்தப் படிக்கட்டில் இரண்டு ஆக்சஸ் பாயின்ட்கள் ஒன்றையொன்று குழப்பும் என்று கருவியைக் கையில் பிடித்து நடந்து நடந்து அளந்தார்கள். இன்றைக்கும் பெரிய வளாகங்களில் அந்த நடை தொடர்கிறது.

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இணையம் வந்த வழி வேறு. 1986இல் மத்திய மின்னணுத் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து ‘எர்நெட்’ என்ற கல்வி-ஆராய்ச்சி வலைப்பின்னலைத் தொடங்கின. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், ஐந்து ஐ.ஐ.டி.கள், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஆகியவை முதல் கூட்டாளிகள். சென்னை ஐ.ஐ.டி. அதில் ஒன்று. அங்கே அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு 1990களில் ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பை உருவாக்கியது. கூரை மேல் ஒரு சின்னப் பெட்டி. அதன் வழியே பேசிக்கொண்டே நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் பார்க்கலாம். மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இதை வைத்து இணையக் கடைகள் நடந்தன. இந்தியாவில் கம்பியில்லா இணையம் கேம்பஸுக்குள் பரவுவதற்கு முன்பே கேம்பஸிலிருந்து கிராமத்துக்குப் போய்விட்டது என்று சொன்னால் பெரிய தவறில்லை.

வைஃபையைப் பொறுத்தவரை டெல்லி மெல்லத்தான் அசைந்தது. 2002இல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கட்டிடத்துக்குள் மட்டும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தார்கள். வெளியே, மொட்டை மாடியில், இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில் என்றால் விண்ணப்பம் போட வேண்டும். 2005 ஜனவரி 28ஆம் தேதி அறிவிக்கையில்தான் வெளிவாசலும் திறந்தது: 4 வாட் வரை வீசலாம். அதே நாளில் 5 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கும் விதி வந்தது, ஆனால் கட்டிடத்துக்குள் மட்டும். அந்த விதியில் ஒரு சலுகை உண்டு. ஒரு நிறுவனத்தின் தொடர்ச்சியான ஒரே வளாகம் முழுவதும் ‘உட்புறம்’ என்றே கணக்கு. மரத்தடி, மைதானம், கேன்டீன் திண்ணை எல்லாம் சட்டத்தின் கண்ணில் ஒரே அறை. கல்லூரி வளாகத்தை ஒரு வீடாகப் பார்த்த அந்த வரியை எழுதிய அதிகாரி யாரோ, விஷயம் புரிந்தவர்.

வெளிவாசல் திறந்ததன் பலன் முதலில் தெரிந்த இடங்களில் ஒன்று தேனி. இடுக்கி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் ஊர். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழுவும் சேர்ந்து, சாதாரண வைஃபை அட்டைகளைக் கோபுரத்தில் ஏற்றி, திசை நோக்கிய ஆன்டெனா பொருத்தி, சுற்றுப்புற ஊர்களில் இருந்த கண் பரிசோதனை மையங்களைப் பல கிலோமீட்டர் தூரத்திலிருந்து இணைத்தார்கள். மையத்துக்கு வரும் நோயாளியைத் தேனியில் உட்கார்ந்த டாக்டர் வீடியோவில் பார்த்தார். ஆப்ராம்சனின் குலுக்கல் முறை இங்கேதான் திணறியது. ஒரு கட்டிடத்துக்குள் ‘கிடைத்தது’ என்ற பதில் கண்ணிமைக்கும் முன் வந்துவிடும். பல கிலோமீட்டர் தள்ளிப் போனால் அது வந்து சேர்வதற்குள் அனுப்பியவர் பொறுமை இழந்து மறுபடி அனுப்பிவிடுவார். ஆகவே பெர்க்லிக்காரர்கள் குலுக்கலை எடுத்துவிட்டு, நீ கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம் என்று முறை வைத்தார்கள். அதைவிடப் பெரிய பாடம் மின்சாரத்திலிருந்து வந்தது. பழுதுகளில் பெரும்பகுதிக்கு அலை காரணமில்லை. ஏறி இறங்கும் கரன்ட்டுதான் பெட்டிகளைக் கொன்றது.

இதற்குள் கல்லூரி வளாகங்களில் கதவு வேலை தொடங்கிவிட்டது.

முதல் கதவு ஒரு படிவம். மடிக்கணினி வாங்கிய மாணவன் அதன் ‘மேக் அட்ரஸ்’ என்ற பன்னிரண்டு இலக்க அடையாளத்தைக் கண்டுபிடித்து, தாளில் எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, கணினி மையத்தில் கொடுக்க வேண்டும். எட்டுக்கும் பி-க்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதிவிட்டால் இரண்டு நாள் காத்திருப்பு வீண். பதிவான அடையாளம் உள்ள கருவி மட்டும் உள்ளே போகும். ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தின் பேரன் என்றே இதைச் சொல்லலாம். பையன்கள் சும்மா இருப்பார்களா? அந்த அடையாளத்தை மென்பொருளால் மாற்றிக்கொள்ளலாம் என்பது ஹாஸ்டல்களில் சீக்கிரம் பரவியது. சீனியர் படிப்பு முடித்துப் போனாலும் அவருடைய மேக் அட்ரஸ் ஹாஸ்டலில் வாழ்ந்துகொண்டிருக்கும்.

இரண்டாம் கதவு லாகின் பக்கம். இதில் இந்தியாவுக்கென்று ஒரு பெயர் உண்டு: சைபரோம். அகமதாபாதில் பிறந்து, 2014இல் பிரிட்டனின் சோஃபோஸ் கம்பெனி வாங்கிக்கொண்ட தயாரிப்பு. நாட்டின் எண்ணற்ற கல்லூரிகளின் வாசலில் அது நின்றது. முகவரியின் கடைசியில் 8090 என்று வரும் அந்தப் பக்கத்தில் பெயரும் பாஸ்வேர்டும் போட்டால்தான் வெளியுலகம். அந்தச் சன்னலைத் தெரியாமல் மூடிவிட்டால் சில இடங்களில் மறுபடி முதலிலிருந்து. பொறியியல் படித்த ஒரு தலைமுறைக்கு 8090 என்ற எண்ணைச் சொன்னால் போதும், ஹாஸ்டல் அறை ஞாபகம் வந்துவிடும்.

கதவு இவ்வளவு இறுகியதற்கு 2008ஆம் ஆண்டும் ஒரு காரணம். அந்த ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த பொறுப்பேற்பு மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டுப் பாதுகாப்பில்லாத வைஃபை வழியாகப் போயிருந்தது. ஆகஸ்டில் வந்த அடுத்த மின்னஞ்சல் மும்பை மாட்டுங்காவில் கால்சா கல்லூரியின் வைஃபை வழியாக. கல்லூரிக்கோ அந்த வீட்டுக்காரருக்கோ இதில் சம்பந்தம் எதுவுமில்லை. திறந்து கிடந்தது, யாரோ நுழைந்தார்கள். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது: வைஃபை பயன்படுத்துபவர் யார் என்று தெரிந்தே ஆக வேண்டும். அதன்பின் ரயில் நிலையமானாலும் காபிக் கடையானாலும் மொபைல் எண்ணும் ஓடிபியும் வழக்கமாயின. அந்த உத்தரவில் நியாயம் இருந்தது. அதைச் சாக்காக வைத்துப் பல கல்லூரிகள் கதவைத் தேவைக்கு மேல் இறுக்கின என்பதும் உண்மை. 2007இலேயே பம்பாய் ஐ.ஐ.டி. ஹாஸ்டல்களில் இரவு இணையத்தை நிறுத்திப் பார்த்தது. பிள்ளைகள் தூங்குவதில்லை, வகுப்புக்கு வருவதில்லை என்பது காரணம். பாதுகாப்பு, ஒழுக்கம், சிக்கனம் எல்லாம் ஒரே சுவிட்சில்.

மூன்றாம் கதவு கணக்குப் போட்டுச் செய்த கதவு. வைஃபையோடு பிறந்த ‘வெப்’ (WEP) என்ற பூட்டை 2001இல் ஸ்காட் ஃப்ளூரர், இட்சிக் மான்டின், ஆதி ஷமீர் மூவரும் எப்படி உடைப்பது என்று எழுதிக் காட்டிவிட்டார்கள். ஆளுக்கு ஆள் தனிச் சாவி கொடுக்கும் 802.1எக்ஸ் முறை அப்போதுதான் வந்திருந்தது. அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் சர்ஃப்நெட்டில் வேலை பார்த்த கிளாஸ் வீரெங்கா ஒரு யோசனை சொன்னார். ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போனால் அங்கே புதிய படிவம் எதற்கு? பெயரோடு வீட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். வந்த இடம் அந்த வீட்டுக்குத் தகவல் அனுப்பிக் கேட்கட்டும். வீடு ஆம் என்றால் உள்ளே விடட்டும். பாஸ்வேர்டு வந்த இடத்துக்குத் தெரியவே தெரியாது. மூடிய உறையாக வீட்டுக்கே போகும். கோவிந்தாபுரத்து டவர் செய்துகொண்டிருந்த அதே வேலை. கேட்டுச் சொல்லும் சர்வருக்கும் பழைய பிழைப்பு உண்டு: 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகனில் தொலைபேசி மோடம் வழியாக வந்தவர்களைச் சரிபார்ப்பதற்காகப் பிறந்தது அது.

அந்த யோசனைதான் ‘எடுரோம்’. நெதர்லாந்தோடு போர்ச்சுகல், ஃபின்லாந்து, குரோஷியா, பிரிட்டன் போன்ற நாடுகள் முதலில் சேர்ந்தன. இன்று நூறு நாடுகளுக்கு மேல். இந்தியாவில் அதை நடத்துவது, 1986இல் தொடங்கிய அதே எர்நெட். சென்னையில் பதிவான போன் பெர்லினில் உள்ள ஒரு நூலகத்தின் வாசலில், சட்டைப் பையை விட்டு வெளியே எடுக்காமலே இணைந்துவிடும். கொடுக்கல் வாங்கல், ரோமிங் கட்டணம் எதுவும் இல்லை. தொலைபேசிக் கம்பெனிகளுக்கு இதே மனசு வர எத்தனை வருஷம் ஆயிற்று என்பதை எல்லையோரத்துக்காரர்கள் அறிவார்கள்.

கதவு இருந்தால் போதுமா, தட்டக் கையில் கருவி வேண்டாமா? தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரிகளில் அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். பல குடும்பங்களில் நுழைந்த முதல் கணினி அது. முதலமடைத் தமிழ்ப் பிள்ளை கேரளப் பள்ளியில் படித்தால் அந்தப் பெட்டி கிடையாது. சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் படித்த அத்தை மகனுக்கு உண்டு. கேரளம் வேறு வழியில் போயிருந்தது: கருவியைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் பள்ளிக்கே கொடுத்து, ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் பாடமாகவே சேர்த்தது. எது சரி என்ற வாதம் இரண்டு மாநிலத்து ஆசிரியர்களும் சேர்ந்து டீ குடிக்கும்போது நடக்கக்கூடியது. தனக்கென்று ஒரு பெட்டி கிடைத்த பிள்ளை அதை நோண்டிக் கற்றுக்கொள்வது அதிகம் என்பது இந்தக் கட்டுரையின் சாய்வு.

2015 ஆகஸ்டில் பாலக்காட்டு ஐ.ஐ.டி. வகுப்புகளைத் தொடங்கியது. இடம் எல்லையோரக் கோழிப்பாறையில் அகல்யா வளாகம், தற்காலிகம். வழிகாட்டி நிறுவனம் சென்னை ஐ.ஐ.டி. நிரந்தர வளாகம் கஞ்சிக்கோட்டுப் பக்கம் எழுந்தது. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் வட்டாரத்துக்குள், நாடெங்கிலுமிருந்து வந்த பிள்ளைகளின் போன்களும் மடிக்கணினிகளும் ஒரே காற்றைப் பங்கு போட்டுக்கொள்ளும் நாள் வந்தது.

கல்லூரிக்குப் போகாமலே வைஃபையால் படித்தவர்களும் உண்டு. கூகுளும் ரயில்டெல்லும் 2016 முதல் ரயில் நிலையங்களில் வைஃபை வைத்தன. மூணாறைச் சேர்ந்த ஒருவர் எர்ணாகுளம் சந்திப்பில் போர்ட்டராக இருந்தார். தலையில் பெட்டி, காதில் இயர்போன், அதில் பாடம். 2018இல் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் அவர் தேறிய செய்தி நாடெங்கும் வந்தது. அங்கே கதவு ஒரு மொபைல் எண், ஓர் ஓடிபி. அவ்வளவுதான்.

அதே கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூர் ஸ்ரீ நாராயணகுரு கல்லூரியின் பெண்கள் ஹாஸ்டலில் மாலை 6 முதல் இரவு 10 வரை போன் தொடக்கூடாது என்ற விதி இருந்தது. ஒரு மாணவி இணங்க மறுத்தார், ஹாஸ்டலை விட்டு வெளியேற்றப்பட்டார், வழக்குப் போட்டார். 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி.ஆஷா தீர்ப்பளித்தார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை, கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும். மாணவியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். எந்தக் கருவி, எந்த நேரம் என்று ஹாஸ்டல் வார்டன் தீர்மானித்துவந்த ஒரு விஷயம் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு வரை போய் வந்தது.

ஆறு மாதத்தில் கொரோனா எல்லாக் கல்லூரிகளையும் பூட்டியது. 2020 ஜூன் 1 அன்று கேரளம் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் விக்டர்ஸ் டிவி வழியாகப் பள்ளிப் பாடத்தைத் தொடங்கியது. பாலக்காடு, இடுக்கித் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான பாடங்கள் தனியாகத் தயாராகி யூடியூபில் ஏறின. யூடியூபுக்கு சிக்னல் வேண்டுமே. மூணாறுக்கு மேலே ராஜமலை எஸ்டேட் பிள்ளைகள் இரவிகுளம் தேசியப் பூங்காப் பக்கம் ரோட்டோரம் வந்து குடை பிடித்து உட்கார்ந்து படித்த படங்கள் வந்தன. அந்த ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். கரன்ட்டும் இல்லை, போனும் இல்லை. செய்தி வெளியே வர மறுநாள் காலையாயிற்று. வைஃபை பாஸ்வேர்டு பற்றிய சர்ச்சைகள் எல்லாம் சிக்னல் இருக்கும் ஊர்களின் சர்ச்சைகள்.

கொரோனாவுக்குப் பின் கேம்பஸ் திறந்தபோது கதவின் கதை தலைகீழாகத் திரும்பியிருந்தது. அதற்குக் காரணம் கல்லூரி அல்ல, போன் தயாரிக்கிற கம்பெனிகள். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 14 இரண்டும், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒவ்வொரு போலி மேக் அட்ரஸைச் சொல்லும்படி போனைப் பழக்கின. கடைகளும் விமான நிலையங்களும் அந்த எண்ணை வைத்து ஆட்களைப் பின்தொடர்வதைத் தடுக்கத்தான் இது. கல்லூரிப் படிவத்துக்கு இடி விழுந்தது. மாணவன் எழுதிக்கொடுத்த எண் ஒன்று, வாசலில் வந்து நிற்கும் எண் வேறு. ‘ரேண்டம் மேக்கை அணைத்துவிட்டு வரவும்’ என்று கணினி மையச் சுவர்களில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

2020 டிசம்பரில் அடுத்த அடி. எடுரோம் போன்ற வலைப்பின்னலில் சேரும்போது ஆண்ட்ராய்டு ஒரு பட்டியல் காட்டும்: ஈஏபி முறை, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, சிஏ சான்றிதழ், டொமைன், அடையாளம், பாஸ்வேர்டு. அதில் சான்றிதழ் வரிசையில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்ற ஒன்று இருந்தது. முக்கால்வாசிப் பேர் அதைத்தான் தொட்டார்கள். கல்லூரி அலுவலர்களே அதைத்தான் தொடச் சொன்னார்கள். அதன் பொருள், எதிரே நிற்பது நிஜமான கல்லூரியா, அதே பெயரில் பக்கத்து அறையில் ஒருவன் வைத்த பெட்டியா என்று பார்க்காமல் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடு என்பதுதான். ஆண்ட்ராய்டு 11இன் டிசம்பர் புதுப்பிப்பு பிக்சல் போன்களில் அந்த வரியை எடுத்துவிட்டது. மற்ற பல போன்களிலும் பின்னால் மறைந்தது. இனி கல்லூரியின் சர்வர் தன் பெயரைச் சான்றிதழோடு சொல்ல வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் போன் பேச்சை முறித்துக்கொள்ளும்.

டொமைன் கட்டத்தில் என்ன எழுதுவது என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் கல்லூரி திறக்கும்போது அந்த ஒரு வரியை அச்சடித்து வரவேற்புப் பையில் போடும் வழக்கம் சில வளாகங்களில் வந்திருக்கிறது. வேறு சில இடங்களில் ஒரு சின்ன செயலியை இறக்கினால் அதுவே எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடும். சான்றிதழுக்கும் காலாவதி தேதி உண்டு. கணினி மையத்தில் யாராவது புதுப்பிக்க மறந்துவிட்டால், அந்த நாளில் வளாகத்தின் எல்லா போன்களும் ஒன்றாகக் கைவிரிக்கும். ஹெல்ப் டெஸ்க் முன்னால் வரிசை வராந்தா வரை நீளும்.